காய்ச்சல் இல்லை

வெட்டாற்றங்கரைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியப்போகிற நேரத்தில் சாமியார் ஓலை வாசிப்பார். பெண் இன்னார் மகள், பையன் இன்னார் மகன், இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று வாரம் அடுத்தடுத்துச் சொல்வார். பனையோலை போய் வெள்ளைத்தாள் வந்து எத்தனையோ காலமாகியும் பெயர் மட்டும் மாறவில்லை. சாமியார் அந்தத் தாளைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, பெண்கள் பக்கம் நாலாவது வரிசையிலிருந்து பாத்திமா மேரி எழுந்து வெளியே போய்விடுவாள். வாசித்து முடிந்த பிறகுதான் உள்ளே வருவாள். கேட்டால் கால் கடுப்பு என்பாள். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்கிறவளுக்குக் கோயிலில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கால் கடுத்துவிடுமாம். ஊரும் சரி சரி என்று தலையாட்டுகிறது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவு எடுத்துச் செய்கிறவள். ஒரு மா நிலத்துக்கு எத்தனை முடி, அதாவது எத்தனை கட்டு நாற்று வேண்டும் என்று வரப்பில் நின்று பார்த்தே சொல்வாள். சொன்னால் ஒரு முடி கூடாது, குறையாது. வாயும் அப்படித்தான், சுருக்கென்று இருக்கும். புருஷன் பெரியநாயகசாமி நெல் மூட்டை ஏற்றப் போன இடத்தில் அடுக்குச் சரிந்து செத்தபோது மகள் சான்ட்ராவுக்கு ஒன்பது வயது. ஒப்பாரி வைத்து முடித்த எட்டாம் நாள் வயலில் இறங்கினாள். ஒற்றைப் பிள்ளை, அதுவும் பெண். இவளை ஒரு நல்ல இடத்தில் கொடுத்துவிட்டால் போதும், பிறகு நான் கிடந்து செத்தாலும் சரி என்று ஆண்டவரிடம் பேரம் பேசிக்கொண்டே பதினாலு வருஷம் நாற்று நட்டாள். ஆண்டவரிடம் பேரம் பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேசவேண்டும்.

சான்ட்ராவுக்குப் பதினாலு வயதில் காலில் செம்புள்ளிகள் வந்தன. கொசுக்கடி என்று எண்ணெய் தடவினார்கள். பிறகு பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. மாதவிலக்கு வந்தால் பத்து நாள் நிற்கவில்லை. பெண் வெளுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். அங்கே டாக்டர் மர்யம் என்று ஒரு அம்மா. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் எட்டாயிரம்தான் இருக்கிறது என்றார்.

"இடது பக்கம், விலா எலும்புக்கு உள்ள மண்ணீரல்னு ஒண்ணு இருக்கும்மா. ரத்தத்தைச் சலிக்கிற சல்லடைன்னு வெச்சுக்கங்க. வயசான அணுவையெல்லாம் பிடிச்சு ஒதுக்கும். உங்க பொண்ணு உடம்பு தன்னோட தட்டணுவையே எதிரின்னு முத்திரை குத்தி அனுப்புது. மண்ணீரல் அதுங்களைப் பிடிச்சு அழிச்சுக்கிட்டே இருக்கு."

"நல்ல நெல்லையெல்லாம் பதர்னு தள்ளுதுங்களா?"

"அதேதான்."

மூன்று வருஷம் மாத்திரை. மாத்திரை சாப்பிட்டால் எண்ணிக்கை ஏறும், குறைத்தால் சரியும். பெண்ணின் முகம் பூசணிக்காயாக உப்பிவிட்டது. கூடப் படிக்கிற பிள்ளைகள் வைத்த பெயரைச் சொல்லி அவளே சிரித்துக் காட்டுவாள். பாத்திமா மேரிக்கு இருபதாயிரம், பன்னிரண்டாயிரம், ஒன்பதாயிரம் என்று ஒவ்வொரு எண்ணும் தேதியோடு மனப்பாடம். பதினேழு வயதில், வேறு வழியில்லை, மண்ணீரலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். முன்கூட்டியே மூன்று தடுப்பூசி போட்டு, வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். பத்தாம் நாள் எண்ணிக்கை இரண்டு லட்சத்து எண்பதாயிரம். பாத்திமா மேரி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மண்டியிட்டு அழுதாள்.

அன்றைக்கு டாக்டர் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார். தன் கையாலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார்: 'இவருக்கு மண்ணீரல் இல்லை. காய்ச்சல் வந்தால் அவசரம். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை.'

"நல்லாக் கேட்டுக்கங்க. மண்ணீரல் சல்லடை மட்டுமில்ல, காவலும் அதுதான். ரத்தத்துல கிருமி நுழைஞ்சா முதல்ல பிடிக்கிறது அது. இனிமே அந்தக் காவல் கிடையாது. மத்தவங்களுக்கு வர்ற காய்ச்சல் வேற, இவளுக்கு வர்ற காய்ச்சல் வேற. தினமும் சாப்பிடறதுக்கு இந்த மாத்திரை. காய்ச்சல்னு தெரிஞ்சா உடனே முழுங்க இந்த மாத்திரைப் பட்டை. எந்த டாக்டர்கிட்டப் போனாலும் முதல் வார்த்தையா மண்ணீரல் இல்லைன்னு சொல்லணும். சொல்லுவீங்களா?"

"சொல்லுவேங்க."

சொல்லத்தான் செய்தாள். சான்ட்ராவுக்கு இருபத்திரண்டு நடக்கும்போது சுவாமிமலைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. டயர்க் கடை வைத்திருக்கிற குடும்பம். ஒளிவுமறைவு வேண்டாம் என்று அட்டையையே எடுத்துக் காட்டினாள். அவர்கள் கேசரியைத் தின்று, காப்பியைக் குடித்து, இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள், உறுப்பு குறைந்த பெண் வேண்டாமாம். கேசரியில் முந்திரி குறைந்திருந்தால்கூட அதைவிட மரியாதையாகச் சொல்லியிருப்பார்கள்.

சான்ட்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு பார்ட் கம்மின்னா வெயிட் கம்மிதானேம்மா, மைலேஜ் ஜாஸ்தி கொடுக்கும்னு சொல்லியிருக்கலாம்ல?"

பாத்திமா மேரி சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த வருஷம் ஒரத்தநாட்டு வரன். பையன் ரெமிஜியஸ், குவைத்தில் எண்ணெய் ஆலையில் வெல்டர். அம்மா ஜூலியட் டீச்சர், தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் புருஷன் சிறுநீரகம் கெட்டுப் பதினோரு வருஷம் கிடந்து செத்தவர். டீச்சர் வந்து உட்கார்ந்ததும் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சம்மந்தி. பொண்ணு நோய்நொடி இல்லாம இருக்கணும். ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்தே என் பாதி ஆயுசு போயிடுச்சு. இன்னொரு தரம் என்னால முடியாது" என்றார். பாத்திமா மேரி, "ஒரு குறையும் இல்லைங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டாள்.

முதல் ஓலை வாசித்த வாரமே ஊரில் எவளோ வாயைத் திறந்துவிட்டாள். டீச்சரிடமிருந்து போன் வந்தது. "பொண்ணுக்கு வயித்துல ஆபரேஷன்னு சொல்றாங்களே சம்மந்தி?"

"குடல்வால்தாங்க. பன்னண்டாவது படிக்கும்போது எடுத்தது. ஊருல யாருக்கு இல்ல?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அதனால்தான் அது அவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தது. டீச்சரும் நம்பிவிட்டார்.

மூன்றாம் ஓலையன்று, 'தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்' என்று சாமியார் வாசித்தபோது, சான்ட்ரா அம்மாவின் தொடையைக் கிள்ளி, "எந்திரிச்சுச் சொல்லிரவா?" என்று காதில் கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள், ஆனால் கண்ணில் வேடிக்கை இல்லை. பாத்திமா மேரி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெட்டி கட்டும்போது, சேலைகளுக்கு அடியில் மகள் ஒளித்து வைத்திருந்த மஞ்சள் அட்டையையும் மாத்திரைகளையும் கண்டுபிடித்து வெளியே எடுத்தாள்.

"அம்மா, அது இல்லாம எப்படிம்மா?"

"ஆறு வருஷம் முழுங்கியாச்சு. உனக்கு ஒரு தும்மலாவது வந்துச்சா? தினம் மாத்திரை போட்டா அந்த வீட்டுல என்னன்னு கேக்க மாட்டாங்களா? அட்டை என்கிட்ட பத்திரமா இருக்கும். ஒண்ணுன்னா நான் ஓடி வர மாட்டேனா?"

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பேத்தி பிறந்தாள். டீச்சர் மருமகளைத் தங்கமாக வைத்துக்கொண்டார். பாத்திமா மேரி நடவுப் பெண்களிடம் மகள் வீட்டுப் பெருமையை அளந்துகொண்டிருந்தாள். தான் செய்ததுதான் சரி என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

ஐப்பசி மாதம், தாளடி என்கிற இரண்டாம் போக நடவு மும்முரம். காலை ஏழு மணிக்குச் சேற்றில் நிற்கும்போது வரப்பில் வைத்திருந்த போன் அடித்தது.

"அம்மா, காய்ச்சல் அடிக்குது. ஆறு மணியிலேர்ந்து குளிர் தூக்கிப் போடுது. ரெண்டு தடவை வாந்தி. அத்தைகிட்ட சொல்லிரட்டா?"

"பதறாத. ஊரெல்லாம் டெங்குவும் சளிக்காய்ச்சலுமாத்தான் கிடக்கு. பாராசிட்டமால் போட்டுக்கிட்டுப் படு."

"டாக்டரம்மா ஒரு மணி நேரம்னு சொன்னாங்கம்மா. ரெமியும் டூட்டிக்குப் போயிட்டாரு, போனை கேட்லயே வாங்கி வெச்சுருவாங்க. நான் சொல்லிர்றேன்."

"சொல்லிட்டு? பொய் சொல்லிக் கட்டி வெச்சவன்னு என்னை நடுத்தெருவுல நிறுத்துவியா? உன்னைப் பிள்ளையோட அனுப்பி வெச்சா நீ என்ன செய்வ? பாப்பா மேல சத்தியம் பண்ணு. நான் வர்ற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

போனில் சான்ட்ராவின் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சத்தியம்" என்றாள். "சீக்கிரம் வாம்மா."

அப்போதே கிளம்பியிருக்கலாம். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். ஆனால் பறித்த நாற்று வெயிலில் கிடந்தது, பதினாலு பேர் வரிசையில் நின்றார்கள். இந்த ஒரு செறு வயலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். முடிக்கப் பதினொரு மணியாகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கால் கழுவி, அட்டையையும் அந்த மாத்திரைப் பட்டையையும் சுருக்குப்பையில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். பட்டையின் பின்னால் அச்சடித்திருந்த தேதி கடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

டீச்சர் மருமகளை அதற்குள் ஒரத்தநாட்டிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். சான்ட்ராவின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. டீச்சர் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிலை ஒட்டி நின்றார். "டெங்குன்னு நினைக்கிறாங்க சம்மந்தி. தட்டணு அறுபதாயிரத்துக்கு இறங்கிடுச்சாம். கலங்காதீங்க, நான் விடமாட்டேன்" என்று பாத்திமா மேரியின் தோளைத் தொட்டார்.

இளம் டாக்டர் ஒருவர் கையில் ரிப்போர்ட்டோடு வந்தார். "நீங்க அம்மாவா? ஒண்ணு இடிக்குதும்மா. டெங்குன்னா வெள்ளை அணுவும் இறங்கணும். இவங்களுக்கு ஏறிக் கிடக்கு. முன்னாடி உடம்புக்கு ஏதாவது இருந்துச்சா? வயித்துல நாலு தழும்பு இருக்கே."

டீச்சர் முந்திக்கொண்டு, "அது குடல்வால் டாக்டர். நான்தான் காலையிலயே சொன்னேனே" என்றார்.

"அம்மாவைக் கேக்குறேன். குடல்வால்தானேம்மா?"

சான்ட்ரா கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. சத்தியம் பண்ணிக்கொடுத்தவள், தன் வாயால் சொல்ல முடியாதவள், அம்மாவையே பார்த்துக்கொண்டு, "அம்மா... சொல்லும்மா" என்றாள்.

"என்ன சொல்லணும்?" என்று டீச்சர் குனிந்தார்.

அட்டை இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. கையை விட்டு எடுத்தால் போதும், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. ஆனால் பாத்திமா மேரிக்கு அந்த நேரத்தில் காய்ச்சல் தெரியவில்லை. டீச்சரின் முகம்தான் தெரிந்தது. மகள் பெட்டியோடும் பிள்ளையோடும் வெட்டாற்றங்கரை பஸ் நிறுத்தத்தில் இறங்குவது தெரிந்தது. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, குளுக்கோஸ் ஏறுகிறது, இவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? டீச்சர் வீட்டுக்குக் கிளம்பியதும் டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"தண்ணி கேக்குறா" என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "குடல்வால்தாங்க" என்றாள்.

சான்ட்ரா கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை.

மணி ஒன்றரை. மூன்று மணிக்குச் சான்ட்ரா உளற ஆரம்பித்தாள். நாலரைக்குப் போர்வையை விலக்கிப் பார்த்தபோது கால் நிறையச் செம்புள்ளிகள், பதினாலு வயதில் வந்த அதே புள்ளிகள், ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றோடொன்று சேர்ந்து கருத்தன. விரல் நுனிகள் நீலமாகிவிட்டன. பாத்திமா மேரி எழுந்து ஓடினாள். டாக்டரை அவர் அறைக்குள் பிடித்து, கதவைச் சாத்திவிட்டு, அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "என் சம்மந்திக்கு மட்டும் தெரிய வேணாங்க" என்றாள்.

டாக்டர் படித்தார். அவர் போட்ட சத்தத்தில் சாத்திய கதவு என்ன, தெருவுக்கே கேட்டது. "மண்ணீரல் இல்லையா? மத்தியானத்துலேர்ந்து இதை இடுப்புல வெச்சுக்கிட்டா உட்கார்ந்திருக்கீங்க? நீங்க அம்மாதானா?" ஊசி போட்டார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. தாழ்வாரத்தில் பேத்தியோடு நின்றிருந்த டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார்.

தஞ்சாவூர் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் சான்ட்ரா செத்துப்போனாள். இருபத்தைந்து வயது. காய்ச்சல் தொடங்கிப் பதினாலு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

ரெமிஜியஸ் குவைத்திலிருந்து வந்து சேர மூன்றாம் நாளாகிவிட்டது. அடக்கம் முடிந்து ஒரத்தநாட்டு வீட்டுக்குத் திரும்பியபோது அவன் பாத்திமா மேரியின் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"அத்தை, எனக்கு எல்லாம் தெரியும். கல்யாணம் ஆன மூணாம் நாளே சான்ட்ரா சொல்லிட்டா. எங்கம்மா மேல கோவப்படாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எங்க அம்மா பயந்துரும்னு நான்தான் மறைச்சேன். அத்தை இருக்காங்க, அட்டை அவங்ககிட்ட இருக்குன்னுதான் நான் அங்க நிம்மதியா இருந்தேன்." அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நீங்க போனவுடனே டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஜூலியட் டீச்சர் உள்கதவு நிலையில் பேத்தியோடு நின்றிருந்தார்.

"சொன்னேன் மாப்பிள்ளை" என்றாள் பாத்திமா மேரி.

அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"போனவுடனே சொன்னாங்க" என்றார் டீச்சர். "நான் பக்கத்துலதான் நின்னேன். டாக்டர்களாலதான் முடியல."

ரெமிஜியஸ் அத்தையின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் தலையில் கை வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் அவளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாகப் பேசினார்.

"உங்களைக் காப்பாத்த நான் அதைச் சொல்லல. அவன் இனி உசுரோட இருக்கணும், அதுக்காகச் சொன்னேன். மண்ணீரல் இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தக் கல்யாணத்தை நான் நிறுத்தியிருப்பேன். சத்தியமா நிறுத்தியிருப்பேன். நான் அவ்வளவு நல்லவ இல்ல. ஆனா அவ எங்கேயாவது உசுரோட இருந்திருப்பா. குடல்வால்னு டாக்டர்கிட்ட என் வாயால சொல்ல வெச்சீங்களே சம்மந்தி, காலையில ஒன்பது மணிக்கு, நான்தானே முதல்ல சொன்னேன்? இதை நான் எந்தச் சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்றது?"

பாத்திமா மேரி காலில் விழப் போனாள். டீச்சர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"இனிமே இந்த வாசலுக்கு வராதீங்க. பிள்ளை உங்க கையில வளர வேணாம். எப்படி இருக்குன்னு தெரியணும்னா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஒரு போன் பண்ணுங்க. எடுப்பேன். வேற எதுவும் பேசாதீங்க."

வெட்டாற்றங்கரையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. டெங்குவில் மகளைப் பறிகொடுத்தவள் என்று அவளுக்காகப் பரிதாபப்படுகிறார்கள். மேரியக்கா கல் மனசுக்காரி, அடுத்த வாரமே நடவுக்கு வந்துவிட்டாள் என்றும் பேசுகிறார்கள். அவள் நடுகிறாள். முடிக்கணக்கு இப்போதும் தப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கும்போது வெளியே எழுந்து போகிறாள், முடிந்ததும் வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள்கிறாள்.

பூசை கலைந்ததும் கோயில் மதிலோரம் போய் நின்று போனைப் போடுகிறாள். அந்தப் பக்கம் எடுக்கிறார்கள். பின்னால் சில நாள் குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்கும், சில நாள் தட்டு விழுகிற சத்தம் கேட்கும். பாத்திமா மேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

"காய்ச்சல் இல்லை" என்று டீச்சர் சொல்வார். சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.